மாமாவின் தொண்டையோடு சிங்கப்பூருக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், என் மாமனாரின் தொண்டையைக் காட்டுவதற்காக அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். போக வேண்டியவர் என் கணவர்தான். அவருக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடம் மூடியிருந்தது, ஆங்கிலமும் பேசுவேன். "சரோஜாவே போகட்டும்" என்று வீட்டில் முடிவாயிற்று. மாமாவும் நானும் அதுவரை ஒரு பகல் பொழுதைக்கூடத் தனியாகச் சேர்ந்து கழித்ததில்லை.

மாமா என்றால் நடிகர் கலியமூர்த்தி. ஐம்பதுகளில் படம் பார்த்தவர்களுக்குப் பெயர் போதும். பிற்பாடு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாயவரம் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் வேலை பார்த்தவரின் மகன். மீசை முளைக்கும் முன்பே பையன்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, ராணி வேஷம் கட்டி, பிறகு ராஜா வேஷம் கட்டி, அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர். ஒரு படத்தில், துரோகி என்று பழி சுமத்தப்பட்ட தளபதியாக அவர் தர்பாரில் பேசிய வசனம் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. இசைத்தட்டாக வந்தது. கல்யாணப் பந்தல்களில் பாட்டுக்கு நடுவே அதையும் போட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. மெதுவாகப் பேசும் கதாநாயகர்கள் வந்தார்கள். மாமாவுக்குக் கோபக்கார மிராசுதார் வேஷம் வந்தது, அப்புறம் கோபக்கார நீதிபதி, அப்புறம் ஒன்றுமில்லை. கல்லூரி விழாக்களில் அவரைப் போலப் பேசிக் காட்டிப் பையன்கள் கைதட்டல் வாங்கினார்கள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ரசத்தில் உப்பு குறைவு என்பதையும் தர்பார் குரலில்தான் சொல்வார். அடுத்த தெருவுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், அவர் நடிப்பு எனக்குப் பிடித்ததில்லை. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

அந்தக் குரல்தான் கொஞ்ச நாளாகக் கம்மத் தொடங்கியிருந்தது. அதே சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு நாடக மன்றத்தார் அவரை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா, அதில் அந்தத் தர்பார் காட்சியை மேடையில் அவர் நடித்துக்காட்ட வேண்டும். மன்றச் செயலாளர் ஆரோக்கியசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மனைவி லூர்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். "இங்க நல்ல தொண்டை ஸ்பெஷலிஸ்ட் இருக்காரு, அப்படியே காட்டிடலாம்" என்றார்கள். இரண்டு காரியத்தையும் ஒரே பயணத்தில் முடிக்கத்தான் புறப்பட்டோம்.

ஜாலான் புசாரில் ஒரு சிறிய ஹோட்டலில் தங்கினோம். கீழே இரும்புச் சாமான் கடை, மேலே எங்கள் அறை. காலையில் கீழே ஆணி கொட்டும் சத்தத்தில்தான் விழிப்பு வரும். நடக்கும் தூரத்தில் சிராங்கூன் சாலை. முதல் நாள் காலை அங்கே ஒரு கடையில் பிராட்டா சாப்பிட்டோம். நம் ஊர் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மாவைத் தட்டையாக வீசி எறிந்து சுட்டு, பருப்புக் கறியோடு தருகிறார்கள். தேநீரை அரை ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றித் தருகிறார்கள். மாமா மூன்றாவது பிராட்டாவுக்குக் கைநீட்டியபோது கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா நீங்க... அந்தத் தளபதி தானே?"

"அடியேன்தான்!" என்றார் மாமா. சத்தம் பாதி வழியில் உடைந்து இருமலாயிற்று. கடைக்காரர் சங்கடப்பட்டுப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனோம். நடுத்தர வயதுச் சீனர். மாமாவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "குரல் நாணில் கட்டி இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துவிடுவோம். கெட்ட கட்டியா இல்லையா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை இவர் பேசக்கூடாது. குசுகுசுவென்றும் பேசக்கூடாது. கத்தினால் ரத்தம் கசியும், அப்புறம் நான் பொறுப்பில்லை."

"எடுத்த பிறகு குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"குரல் இருக்கும். பழைய குரல் இருக்காது."

இதைத் தமிழில் மாமாவிடம் சொல்ல வேண்டியவள் நான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

சிராங்கூன் சாலையில் பூக்கடைக்கு அடுத்த கடையில் குழந்தைகள் எழுதி விளையாடும் பலகை ஒன்று வாங்கினேன். குச்சியால் எழுதிவிட்டு மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். மாமா அதில் முதலில் எழுதியது: 'ஞாயிறு?'

அன்று சாயங்காலம் ஆரோக்கியசாமி ஹோட்டலுக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், வெயிலில் கறுத்த கை. செய்தியைக் கேட்டதும் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேன்சல் பண்ணிடலாம் ஐயா. உடம்புதான் முக்கியம் லா. ஜனங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்." பேச்சின் கடைசியில் 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். 'வருவேன்' என்று எழுதினார்.

ஆரோக்கியசாமி கொஞ்சம் யோசித்தார். "அப்போ ஒண்ணு செய்யலாம். எங்ககிட்ட ரெக்கார்டு இருக்கு. பின்னால அதைப் போட்டுடறோம், ஐயா வாயை மட்டும் அசைச்சா போதும். யாருக்கும் தெரியாது."

மாமா எழுதி, பலகையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். 'நான் பொம்மையா?'

ரெக்கார்டுப் பேச்சு அதோடு நின்றது. வசனம் இல்லாமல் காட்சியை நடித்துக்காட்டுவது, முன்னதாக ஆரோக்கியசாமி மேடையேறி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமா இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒப்புக்கொள்கிறவர் அல்ல.

சனிக்கிழமை மதியம் ஆரோக்கியசாமி வீட்டில் சாப்பாடு. வீடு வடக்குக் கோடியில், மார்சிலிங்கில். பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று நான்தான் துணிந்தேன். சுத்தமான பஸ். யாரும் தொங்கவில்லை, யாரும் திட்டவில்லை. பாதி வழியில் மாமா என் தோளைத் தட்டிப் பலகையைக் காட்டினார். 'ஜோகூர்' என்று எழுதியிருந்தது. யுத்தம் முடிந்த புதிதில் கம்பெனியோடு இந்தப் பக்கம் வந்து ஜோகூரிலும் நாடகம் போட்டவர் அவர். அந்தக் கதையைத்தான் ஆரம்பிக்கிறார் என்று நினைத்து, "ஆமா மாமா, அப்புறமா விவரமா எழுதுங்க" என்றேன். அவர் மறுபடி தட்டினார். நான் மறுபடி தலையாட்டினேன். கடைசியில் பஸ் நின்று எல்லோரும் இறங்கியபோதுதான் தெரிந்தது, அது மலேசியாவில் இருக்கும் ஜோகூருக்கே போகிற பஸ். நாங்கள் நின்றது எல்லைச் சாவடியில். பாஸ்போர்ட் இரண்டும் ஹோட்டல் அறையில்.

மலாய் அதிகாரி ஒருவர் மாமாவிடம் பெயர் கேட்டார். மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அதிகாரிக்குச் சந்தேகம் கூடியது. நான் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லச் சொல்ல, மாமா பலகையில் தன் பெயரைத் தமிழில் எழுதி நீட்டினார். அந்த அதிகாரி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். தமிழ் அதிகாரி ஒருவர் வந்தார். பலகையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"சார்! நீங்களா லா! எங்க அப்பா உங்க ரெக்கார்டு தேயத் தேய கேட்பாரு. ஒரே ஒரு வரி சொல்லுங்க சார், ப்ளீஸ், அந்தக் கொடி டயலாக்!"

"அவர் பேசக்கூடாதுங்க. திங்கட்கிழமை ஆபரேஷன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "சாரி சார்" என்றவர், அந்த வரியைத் தானே முணுமுணுத்தார். பிறகு எங்களை ஒரு டாக்சியில் ஏற்றிவிட்டார். மார்சிலிங் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

டாக்சியில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உதடு அசையவில்லை, தொண்டை மட்டும் அசைந்தது. உள்ளுக்குள் வசனம் ஓடுகிறது என்று புரிந்தது.

"மாமா, நாளைக்கு மேடையில பேசப்போறீங்களா?"

குச்சியைக் கையில் எடுத்தார். பிறகு பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

லூர்து மீன்தலைக் கறி வைத்திருந்தார். புளியும் வெண்டைக்காயும் போட்டு, பெரிய தட்டு நிறைய ஒரே ஒரு தலை. நம் வீடுகளில் தலையை யாருக்கு வைப்பது என்று தயங்குவோம், அங்கே அதுதான் விருந்து. சாப்பிட்ட பிறகு நான் லூர்துவிடம் என் பயத்தைச் சொன்னேன்.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன் டீச்சர். அவர் கண்ணைப் பார்த்தாலே தெரியுது. நாளைக்கு நான் சைடுலயே நிக்கிறேன். ஆனா மேடைக்குப் போனவரை நாம எப்படிப் பிடிக்கிறது?" என்றார் லூர்து.

விழா தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. கூட்டம் நிரம்பியிருந்தது. கிரேன் ஓட்டுகிறவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாதா கோயிலிலிருந்து நேராக வந்த குடும்பங்கள், திருநீற்றோடு வந்த குடும்பங்கள். இளம் பெண்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தன் கையாலேயே அரிதாரம் பூசிக்கொண்டார். கண்ணுக்கு மையும் தீட்டிக்கொண்டார்.

ஆரோக்கியசாமி மேடையேறிச் செய்தியைச் சொன்னார். மண்டபம் 'ச்சு' கொட்டியது. பிறகு அவரே கிரீடத்தை வைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்தார். திரை விலகியது. விலங்கு பூட்டிய தளபதியாக மாமா நடந்து வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர், சங்கிலியின் பாரம் ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. கைதட்டல் எழுந்து அடங்கியது.

"இந்தக் குற்றவாளி என்ன சொல்கிறான்?" என்றார் ராஜா.

நானும் லூர்துவும் பக்கத்துத் திரையைப் பிடித்தபடி நின்றோம். மாமா நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். அவர் மார்பு விரிவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வாய் திறந்தது. "வேணாம் மாமா" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"குற்றவாளி என்றா அழைத்தீர்கள் என்னை?"

குரல் கீழேயிருந்து வந்தது. மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா திறந்த வாயோடு அவள் பக்கம் திரும்பினார். இழுத்த மூச்சு மெல்ல வெளியே போயிற்று. பிறகு, அந்தக் கேள்வியைத் தானே கேட்டவர் போல, ராஜாவை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அடுத்த வரியை நாலைந்து பேர் சொன்னார்கள். அதற்கடுத்ததை மண்டபத்தில் பாதி சொன்னது.

"கொற்றவனே, உங்கள் கொடியின் சிவப்பு சாயத்தில் வந்ததல்ல..."

ஒழுங்காகச் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு மூலை முந்திக்கொண்டு ஓடியது. பின்வரிசை இழுத்தது. நடுவே யாரோ 'என் தம்பிகளின்' என்று சொல்ல, 'தம்பியரின்! தம்பியரின்!' என்று வேறொருவர் திருத்தினார். மாமா கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். விரலை மெல்ல இறக்கினார்.

"என் தம்பியரின்... காயத்தில் வந்தது."

இந்த முறை ஒன்றாகச் சொன்னார்கள். அதுவும் தாழ்ந்த குரலில், ஜெபம் சொல்வது போல. மாமா சங்கிலியோடு மண்டியிட்டார். படத்தில் இந்த இடத்தில் அவர் கர்ஜிப்பார், நாற்காலி அதிரும். இங்கே ஒரு கிழவர் இறந்துபோன தம்பிகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜாவாக இருந்த ஆரோக்கியசாமிக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. அதையும் கூட்டமே சொல்லிக்கொடுத்தது.

உள்ளே வந்ததும் லூர்து அவர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலை, பேசவே இல்லை" என்றார். நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். மாமா அரிதாரத்தைக் கலைக்கும் முன்பே பலகையைக் கேட்டு வாங்கினார். வேகவேகமாக எழுதினார்.

'காயத்தில் என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்தினார்களே, கவனித்தாயா?'

"கவனிச்சேன் மாமா."

'நான் ஒரு தடவைகூட அங்கே நிறுத்தியதில்லை. நிறுத்தினால் கைதட்டல் தவறிவிடுமோ என்று ஓடினேன்.' தாளைத் தூக்கிவிட்டு மறுபடி எழுதினார். 'அவர்கள் சொன்னதுதான் சரி.'

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று சில நாளில் தெரிந்தது. புண் ஆறும்வரை பேசக்கூடாது என்றார் டாக்டர். அந்த நாட்களில் மார்சிலிங்கில் லூர்து வீட்டில்தான் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒரு மாடி ஏறிப் போய் இறங்கி வரவேண்டும். ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகளில் துணி காயும். தெரு கழுவிவிட்டது போல இருக்கும், ஆனால் நின்று பேசுகிறவர்களைக் காணோம். அந்த வீட்டில் நொய்க் கஞ்சியும் பொரித்த நெத்திலியும் சாப்பிட்டோம். மாமாவுக்கு நெத்திலி கிடையாது. அதற்காக அவர் என்னை முறைப்பது தினமும் நடந்தது.

அங்கேதான் ஒரு மத்தியானம் அவர் எழுதினார். 'எனக்கு இது இரண்டாவது முறை.'

"எது மாமா?"

கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார். நான் படித்து முடித்ததும் தாளைத் தூக்கி, அடுத்ததை எழுதினார். கம்பெனியில் ராணி வேஷம் போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் மேடையில் ராணி அழுது பாடிக்கொண்டிருக்கும்போது நடுப்பாட்டில் தொண்டை உடைந்தது. ராணி வாயிலிருந்து ஆம்பிளைக் குரல் வந்ததும் கொட்டகை முழுக்கச் சிரித்தது. பாட்டை நிறுத்தக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அந்தக் குரலிலேயே அழுது முடித்தார். குரல் போன பையன்களை முதலாளி ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊர் என்றால் நெல் மில், தவிட்டுத் தூசி, அப்பாவின் இருமல். கொஞ்ச நாள் யாரிடமும் பேசாமல் தண்ணீர் தூக்கினார், விளக்கு துடைத்தார். புதுக் குரல் என்னவாக வரும் என்று அவருக்கே தெரியாது.

'இடி மாதிரி வந்தது. தப்பித்தேன். அதற்கப்புறம் அதைக் குறைக்கவே பயம்' என்று முடித்தார்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்டதில்லை. என் கணவருக்கும் தெரியாது என்று பின்னால் அறிந்துகொண்டேன். கஞ்சியைச் சுடவைக்க எழுந்து போனேன். போகிற வழியில் தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து அவர் கிண்ணத்தில் நசுக்கிப் போட்டேன். லூர்து பார்க்காதது போல இருந்துவிட்டார்.

கெடு முடிந்த அன்று டாக்டர் அவரைப் பேசச் சொன்னார். "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

"கலியமூர்த்தி" என்றார் மாமா. காற்றும் மணலும் கலந்த மாதிரி ஒரு குரல், அடுத்த நாற்காலிக்குத்தான் எட்டும். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வேறு யாரோ அறைக்குள் பேசிவிட்டது போல இருந்தது அவர் பார்வை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

விமானத்தில் திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. முன்பு வாய் ஓயாதவர், இப்போது எந்தச் சொல்லுக்காக மூச்சைச் செலவழிப்பது என்று யோசிப்பவர் போலத் தெரிந்தார். காப்பி கொடுத்த பெண் குனிந்து காதைக் கொடுத்து, "என்ன கேட்டீங்க?" என்றாள். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

ஒரு வருஷம் சும்மா இருந்தார். பிறகு ஓர் இளம் டைரக்டர் வீடு தேடி வந்தார். ஒரு தகப்பன் வேஷம், ஓய்வுபெற்ற தபால்காரர், அதிகம் வசனம் கிடையாது. மாமா தன் குரலைப் பற்றி எச்சரித்தார். "அதுக்காகத்தான் சார் வந்தேன்" என்றார் டைரக்டர்.

படம் திருச்சியில் வந்தபோது நானும் என் கணவரும் போயிருந்தோம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "போய்ட்டு வாம்மா" என்று சொல்ல வேண்டிய காட்சி. போய்ட்டு என்று சொல்லி நிறுத்தினார். தியேட்டரில் இருமல் சத்தம்கூட இல்லை. அப்புறம்தான் மீதி வந்தது.

எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"யாருங்க இவரு, புதுசா?"

"பழைய ஆளுதாங்க" என்றேன்.

"நல்லாத்தான் பண்றாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசினா தேவலை."